கார் டீச்சருடையது, நம்பர் அவர் கணவருடையது

என்ஜின் ஆயில் எப்போது மாற்ற வேண்டும், பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது வருகிற கார்களே அதைச் சொல்லிவிடுகின்றன. சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்கின்றனவா? ஓட்டுகிறவர் எங்கே போனார், எந்தத் தெருவில் நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதுவரை ஒப்பித்துவிடுகின்றன. யாரிடம் ஒப்பிக்கின்றன என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். தருமபுரியில் நீங்கள் இப்போது வேலை பார்க்கிற இதே சர்வீஸ் சென்டரில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ரிட்டயர் ஆனவன் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றியது இது. கஸ்டமர் கேர் பொறுப்பில் இருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னைத் திட்டுவார். அவர் வாய்க்கு நான் இன்றைக்கும் பயந்தவன். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பார்டர் பக்கத்துக்காரர்கள் வந்தால் கன்னடத்தில் பேசுவார், தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தால் தெலுங்கில் பேசுவார், பில்லைப் பார்த்து முறைக்கிறவர்களிடம் எந்த மொழியிலும் பேசுவார். கோபமாக உள்ளே வந்த எத்தனையோ பேர் அவரிடம் குடும்பக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேனேஜர் என்ற போர்டு என் மேஜையில் இருந்தது. இக்கட்டு என்று வந்தால் எல்லோரும் போய் நின்றது அவர் மேஜைக்கு முன்னால்தான். நானும் அங்கேதான் போய் நிற்பேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கதைக்கு வருவதற்கு முன் நம் ஊர் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுக் கார் டெலிவரி எடுக்கக் குடும்பமே வேன் பிடித்து வரும். பூசணிக்காய் சுற்றி உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் பூசி, போட்டோ எடுத்து முடித்தபிறகு சேல்ஸ் பையன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். கார் எங்கே நிற்கிறது என்று போனிலேயே காட்டுகிற ஆப்புக்கு ஒரு போன் நம்பர் வேண்டும் என்பான். காரை வாங்குவது ஒரு பெண்ணாக இருந்தால், அந்தக் கேள்வியைப் பக்கத்தில் நிற்கிற ஆணைப் பார்த்துத்தான் கேட்பான். அந்தப் பெண்ணும், அவர் நம்பரையே போட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிடுவார். ஆர்சி அவர் பேரில் இருக்கும், லோன் அவர் சம்பளத்தில் போகும், லைசென்ஸ் அவருடையது, ஓட்டப் போவதும் அவர்தான். நம்பர் மட்டும் வீட்டு ஆம்பளை நம்பர். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. கண்ட கண்டவன் பெண்பிள்ளைக்கு போன் செய்யக் கூடாது என்ற நினைப்புதான். கேஸ் கனெக்‌ஷனுக்கும் ரேஷன் கார்டுக்கும் இப்படித்தானே கொடுக்கிறோம்? ஆனால் கேஸ் சிலிண்டர் நம்மைப் பற்றி யாரிடமும் கோள் சொல்லாது, கார் சொல்லும். இப்போது நம் ஷோரூமில் ஆர்சி யார் பேரிலோ அவர் கையிலேயே டேபைக் கொடுத்து நம்பர் போடச் சொல்கிறீர்கள் அல்லவா? அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது கஸ்டமர் கேரில் இருந்த அந்தம்மாதான். அதற்குக் காரணமான நாளைத்தான் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு டீச்சர் வந்தார். பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. நம்மிடம் வாங்கிய கார்தான். சர்வீஸுக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தவர், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். இந்தக் கார் எங்கே போனாலும் வெளியாட்களுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டார்.

அவர் கணவரை எனக்குத் தெரியும். உரக்கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து, கடையில் உட்கார்ந்துகொண்டே போனில் காரின் ஏசியைப் போட்டு வைப்பார், டீச்சர் ஏறும்போது வண்டி சூடாக இருக்கக் கூடாதாம். அந்த ஆப் அவருக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மேப்பைத் திறந்து காட்டுவார். பாருங்க, டீச்சர் இப்ப ரயில்வே கேட்டுகிட்ட வந்துட்டாங்க என்பார். அவ்வளவு பெருமை.

சிக்கல் அந்தப் பெருமையில்தான் வந்தது. டீச்சருக்கு ஒரு தங்கை. வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் தானே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். அப்போது இவர்களுடைய அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பையன் வீட்டை நொறுக்கி, பிறகு இனிமேல் வம்புக்குப் போக மாட்டேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். கண்ணில் பட்டால் விட மாட்டேன் என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தத் தங்கையும் கணவனும் யாருக்கும் தெரியாமல் இண்டூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் இப்போது மாசமாக இருந்தாள். பெற்ற தாய் வர முடியாது. அதனால் டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, குழம்பும் பழமும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

முந்தைய நாள் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். டீச்சரின் கணவர் பந்தியில் அந்த அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் வரலையா என்று யாரோ கேட்க, இவர் வழக்கம்போல போனைத் திறந்து காட்டியிருக்கிறார். நீலப் புள்ளி இண்டூரில் நின்றிருக்கிறது. இவருக்கு அது வெறும் புள்ளி. அண்ணன் அந்தப் பக்கம் தங்கையை யாரோ பார்த்ததாகக் காதில் வாங்கி வைத்திருந்தவர். திங்கட்கிழமை விடிந்ததும் டீச்சருக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை இண்டூரில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். படிக்கிற பிள்ளை ஒன்றின் வீடு என்று இவர் சமாளிக்க, அப்படியா, மாப்பிள்ளையிடம் சொல்லி எந்தத் தெரு என்று பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். அது எப்படி என்று யோசித்தபோதுதான் டீச்சருக்குக் கார் ஞாபகம் வந்திருக்கிறது. லீவு சொல்லிவிட்டு நேராக எங்களிடம் ஓடிவந்துவிட்டார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மெக்கானிக் புத்தி எங்கே போகும்? தகவல் அனுப்புகிற பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்றேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“ஃபியூஸப் புடுங்குனா இனிமே பேசாது, சரிங்க சார். ஏற்கனவே பேசுனத என்ன பண்ணுவீங்க? போன வாரம், அதுக்கு முந்துன வாரம் எல்லாம் ஆப்புல அப்படியே இருக்குது. அதுவும் இன்னிக்குப் பாத்து ஆப்புல வண்டி காணாமப் போச்சுன்னா, அங்க என்னமோ இருக்குதுன்னு நாமளே சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிரும்.”

சரி, ஆப்பை டீச்சர் நம்பருக்கே மாற்றிவிட்டால் பழையது எதுவும் அவர் கணவர் போனில் தெரியாதே என்றேன். மாற்றினால் ஓடிபி அவர் கணவர் போனுக்குத்தான் போகும், அந்த போனுக்குப் பக்கத்தில் இந்நேரம் யார் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டார் அந்தம்மா. டீச்சர் சொல்லித் தெரிய வந்ததில் ஒன்றுதான் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. கார் இப்போது எங்கே நிற்கிறது என்பது ஆப்பைத் திறந்ததும் தெரியும். பழைய பயணங்களைப் பார்க்க ஒரு பின் நம்பர் போட வேண்டும். டெலிவரி அன்று சேல்ஸ் பையன் வைத்துக் கொடுத்ததை டீச்சரின் கணவர் எப்போதோ மறந்துவிட்டார். மறந்தவர் அதைக் கேட்டு எங்கே வருவார்? எங்களிடம்தான் வருவார்.

“வண்டிய மறந்துருங்க சார். மொதல்ல அந்தப் புள்ள எங்கிட்டாவது பத்திரமாப் போகட்டும். அப்புறம் வண்டியப் பாத்துக்கலாம்” என்றார் அந்தம்மா.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தம்மா காருக்குள் உட்கார்ந்து போகிறவரைப் பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் அவ்வளவு தெளிவாக யோசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சர்வீஸ் நிஜமாகவே வர வேண்டிய நேரம்தான், ஜாப் கார்டு போட்டு வண்டியை உள்ளே ஏற்றச் சொன்னார். புள்ளி இங்கேயே நிற்கட்டும், பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஆப்பைத் தன் நம்பருக்கு மாற்றச் சொல்லி டீச்சரிடம் ஒரு லெட்டர் எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். மகளிர் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னார். கஸ்டமரை வீட்டில் இறக்கிவிட நாங்கள் வைத்திருந்த பழைய வண்டி ஒன்று உண்டு, ஆப் என்றால் என்னவென்றே தெரியாத வண்டி. அதில் டீச்சரை ஏற்றி, எங்கள் டிரைவரைப் போட்டு இண்டூருக்கு அனுப்பினார். தங்கையைக் கூட்டிக்கொண்டு மொரப்பூர் போய் ரயிலேற்ற வேண்டும், அவள் கணவன் வேலையிலிருந்து நேராக ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான், ரயில் கிளம்பியதும் டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர்கள் எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தார்கள் என்று அந்தம்மா கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த என்னையும் அடக்கிவிட்டார்.

மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள், டீச்சரின் கணவரும் அண்ணனும். அண்ணனை ரவுடி மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு, உட்காரச் சொன்னபிறகுதான் உட்கார்ந்தார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. கணவரின் முகம்தான் சரியில்லை. எப்போதும் சிரித்துக்கொண்டு வருகிற மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் எங்கே என்று கேட்டார்கள். வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வெளியே போயிருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னார் அந்தம்மா. இருவருக்கும் டீ வரவழைத்தார். அண்ணன் டீச்சரின் கணவருடைய போனைக் காட்டி, பின் நம்பரை மாற்றித் தாருங்கள், பழைய பயணமெல்லாம் பார்க்க வேண்டும் என்றார். ஆர்சி ஓனர் வந்து கேட்டால்தான் முடியும் என்றார் இவர்.

“நான் அவ கூடப் பொறந்தவன்ங்க. இவரு கட்டுனவரு. இதுக்கு மேல யாருங்க வரணும்?”

சொல்லிக்கொண்டே எங்கள் முதலாளிக்கு போன் போட்டார். அவர்கள் வகையறாவில் எங்களிடம் எடுத்த வண்டிகள் அநேகம். முதலாளி உடனே என்னைக் கூப்பிட்டு, பெரிய கஸ்டமர், எதையாவது செய்து கொடுத்து அனுப்புப்பா என்றார். ஓனர் இல்லாமல் கொடுத்து நாளைக்கு ஏதாவது ஆனால் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியது நீங்கள்தான், லைனில் இருங்கள், உங்கள் வாயாலேயே கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் லைனில் இருக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஹாலில் ஏழெட்டு கஸ்டமர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா டேபைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார். கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும், என்ன போடட்டும் என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றார் அண்ணன். சும்மா என்று போட்டால் வாங்காது என்றார் இவர். குடும்ப விஷயம் என்றார் அவர். என்ன விஷயம் என்று கேட்பார்களே என்றார் இவர். ஒரு துளி கோபமில்லை, ஒரு துளி அவசரமில்லை. நாலாவது தடவையும் அதே குரலில் கேட்டபோது அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்க மானத்த வாங்கிட்டு ஓடுனவ இண்டூர்ல எந்த வூட்ல இருக்கான்னு தெரியணும். போதுமா? எழுதிக்கங்க.”

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரின் கணவர் தலையை நிமிர்த்தினார். அவருக்கு அந்த நிமிஷம்தான் விஷயமே தெரிந்திருக்கிறது.

“டீச்சர் மேல ஒரு சந்தேகம், வாங்க போய்ப் பாக்கலாம்னுதான மச்சான் என்னக் கூப்ட்டீங்க? வழியெல்லாம் நெஞ்சு அடைச்சுட்டு வந்தேனே” என்றார்.

அண்ணன் டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். டீச்சரின் கணவர் காலையிலிருந்து எதை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீங்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். அடுத்தவர் போன இடம் வந்த இடத்தை யார் வந்து கேட்டாலும், எதற்கு என்று கேளுங்கள். நாலு பேர் காதில் விழ அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். நல்ல காரணம் வைத்திருக்கிறவர் சொல்லிவிடுவார். அந்தம்மா யாரிடமும் சத்தம் போடவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை, கேள்வி மட்டும்தான் கேட்டார்.

அப்போது அவர் போன் ஒரு தடவை அடித்து நின்றது. டிரைவர்தான், ரயில் கிளம்பிவிட்டது. அந்தம்மா டிராயரைத் திறந்து லெட்டரை எடுத்து டீச்சரின் கணவர் முன்னால் வைத்தார்.

“இது டீச்சர் எழுதிக் குடுத்ததுங்கண்ணா. ஆப்ப அவங்க நம்பருக்கே மாத்தணும்னு. நான் இப்ப மாத்தப் போறேன், உங்க போனுக்கு ஓடிபி வரும். மாத்திட்டா உங்க போன்ல வண்டியும் தெரியாது, போன எடம் வந்த எடமும் தெரியாது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

டேபில் ஒரு தட்டு தட்டினார். கணவரின் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. சொல்லாதீங்க மாப்ள என்றார் அண்ணன். குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரியும் மிரட்டுகிற மாதிரியும் சொன்னார். டீச்சரின் கணவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கடைசி எண்ணை அந்தம்மா மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அண்ணன் டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வாசலில் அவர் வண்டி கிளம்பிப் போகும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இண்டூர் பக்கம் போனாலும் இனி அங்கே யாரும் இல்லை.

அந்தம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். பஞ்சரான டயருக்கு வாரன்டி கேட்டு ஒருவர் சண்டைக்கு வந்திருந்தார், அவரோடு மல்லுக்கு நின்றார். அன்றைக்கு அந்தம்மா மேல் எனக்கு வந்த மரியாதையை என் ரிட்டயர்மென்ட் விழாவில் மைக்கைப் பிடித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

சாயங்காலம் டீச்சர் எங்கள் பழைய வண்டியில் வந்து இறங்கினார். கணவர் அதுவரை ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார், கடைக்குப் போகவில்லை. அவரைப் பார்த்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். நடந்ததை எல்லாம் கணவரே சொன்னார். ஓடிபி கொடுத்ததையும் சொன்னார். பிறகு, என்னிடம் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேனே என்று கேட்டார். கோபமாக இல்லை, அடிபட்ட மாதிரி கேட்டார்.

“உங்ககிட்ட சொன்னா, நாலு பேருகிட்ட காட்டாம உங்களால இருக்க முடியுங்களா?” என்றார் டீச்சர்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். டீச்சர், அவள் இப்போது எந்த ஊரில் என்று சொல்ல ஆரம்பித்ததும், இரண்டு கையையும் தூக்கித் தடுத்துவிட்டார்.

“ஊரு பேரு எனக்கு வேண்டாம் டீச்சர். எனக்கு வாய் நிக்காது. பத்திரமா இருக்கறாங்கன்னு மட்டும் அப்பப்போ சொல்லு.”

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற டீச்சர், அப்போதுதான் அழுதார்.